சிசிலியில் ஒரு வாரம்: பலேர்மோவா, சிரகூசாவா?

"சிசிலிக்கு ஒரு வாரம் போகிறோம், தீவு முழுவதையும் சுற்றிவிடலாமா?" என்று யாராவது கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இத்தாலியைச் சேர்ந்த இந்தத் தீவு வரைபடத்தில் சின்னதாகத் தெரியும்; பரப்பளவில் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் மேற்குக் கரையில் இருக்கும் த்ராப்பனியிலிருந்து தென்கிழக்கு மூலையில் இருக்கும் சிரகூசாவுக்குக் காரில் போகவே ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிடிக்கும். ரயில் என்றால் இன்னும் கூடுதல். வட்டமடிக்கக் கிளம்புகிறவர்கள் தினம் ஓர் ஓட்டல், தினம் பெட்டி கட்டுவது என்று பாதி விடுமுறையை நெடுஞ்சாலையிலேயே கழிக்கிறார்கள். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் ஒரு பாதியைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். மேற்கே பலேர்மோவில் தங்குவதா, கிழக்கே சிரகூசாவில் தங்குவதா?

இரண்டுமே பழைய ஊர்கள். கோயில், ஓவியம், கடல், சந்தை, சாப்பாடு எல்லாம் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் அவை காட்டும் வரலாறு வேறு வேறு. பலேர்மோவின் உச்சம் 12ஆம் நூற்றாண்டு. லத்தீன், கிரேக்கம், அரபு பேசியவர்கள் ஒரே காலத்தில், ஒரே அரசருக்காக, ஒரே கட்டடத்தில் வேலை செய்த காலம் அது. சிரகூசாவிலோ ஒருவர் விட்டுப்போன சுவர்மேல் அடுத்தவர் கட்டியது, அதன்மேல் இன்னொருவர் கட்டியது என்று இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. இந்த இரண்டில் எது உங்களை இழுக்கிறதோ அதை வைத்து ஊரை முடிவு செய்யுங்கள் என்பது என் கட்சி. ஓட்டல் வாடகையும் கடற்கரையும் அப்புறம்.

மேற்கே: தங்கமும் மரமும்

பலேர்மோவை நிறுவியவர்கள் பினீஷிய வணிகர்கள். கி.பி. 831இல் அது அரேபியர் கைக்கு வந்தது. 1072இல், வட பிரான்சைப் பூர்வீகமாகக் கொண்ட நார்மன்கள் பிடித்தார்கள். பிடித்தவர்கள் முன்பு இருந்தவர்களின் அறிவையும் கைவேலையையும் தூக்கி எறியவில்லை. 1130இல் முடிசூடிய இரண்டாம் ரோஜரின் அரசவையில் அரபியில் பட்டயம் எழுதும் எழுத்தர்கள் இருந்தார்கள், கிரேக்கக் கிறித்தவரான கடற்படைத் தலைவர் இருந்தார், முஸ்லிம் புவியியலாளர் அல்-இத்ரிசி இருந்தார். அல்-இத்ரிசி 1154இல் முடித்த உலகப் புவியியல் நூல் ரோஜருக்காகவே எழுதப்பட்டது. ரோஜருக்கென்று பலேர்மோவில் நெய்த சிவப்புப் பட்டு மேலங்கி இன்று வியன்னாவில் இருக்கிறது. ஒரு கிறித்தவ அரசரின் உடை அது; ஓரத்தில் ஓடுவது அரபு எழுத்து, போட்டிருப்பது ஹிஜ்ரி ஆண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு அரண்மனைச் சிற்றாலயமான கப்பெல்லா பலத்தினாவுக்குள் நுழைந்தால்தான் அதன் அர்த்தம் கண்ணில் படும். 1130களில் கட்டி 1140இல் வழிபாட்டுக்கு அர்ப்பணித்த ஆலயம் இது. அளவில் ரொம்பப் பெரிது இல்லை. தரை முழுவதும் வண்ணக் கற்கள் பதித்த கோலம். சுவர் முழுவதும் பொன் பின்னணியில் மொசைக், அதாவது சின்னச் சின்ன வண்ணத் துண்டுகளைப் பதித்து ஆக்கிய படங்கள். குவிமாடத்தில் இருக்கும் கிறிஸ்துவைச் சுற்றி ஓடுவது கிரேக்க எழுத்து. நடுக்கூடத்துச் சுவரில் பைபிள் கதைகளுக்கு அருகே இருப்பது லத்தீன். அதற்கும் மேலே நிமிர்ந்து பாருங்கள். அந்தக் கூரை மரம். தேன்கூட்டு அடுக்காகச் செதுக்கி, இஸ்லாமிய உலகத்துக் கைவினைஞர்கள் வண்ணம் தீட்டியது. நட்சத்திர வடிவங்களுக்கு நடுவே சின்னச் சின்ன ஓவியங்கள்: யாழ் போன்ற கருவி மீட்டுகிறவர்கள், சம்மணமிட்டுக் கிண்ணம் ஏந்தியவர்கள், ஒட்டகம், ஆடும் பெண்கள். ஓர் இடத்தில் இரண்டு பேர் பலகைக்கு இருபுறமும் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். சதுரங்கம் ஆடுகிறவர்களைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களில் இதுவும் ஒன்று. நம் ஊரில் பிறந்து, பாரசீகம் போய், அரபு நாடுகள் வழியாக மேற்கே பயணித்த ஆட்டம் ஒரு நார்மன் அரசரின் தேவாலயக் கூரையில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

கையோடு ஒரு சின்ன பைனாகுலர் எடுத்துக்கொண்டு போங்கள். அது இல்லாமல் அந்தக் கூரையில் பாதிகூடத் தெரியாது. அரண்மனையின் மற்றப் பகுதிகளில் இன்றும் சிசிலியின் மாநிலச் சட்டமன்றம் நடக்கிறது. அதனால் சில நாட்களில் அரச அறைகளைப் பார்க்க முடியாது. ஞாயிறு காலையில் பூசை இருக்கும். வாரநாள் காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுவது நல்லது.

அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் மர்த்தொரானா ஆலயம். ரோஜரின் கடற்படைத் தலைவர் அந்தியோக்கியா ஜார்ஜ் 1143இல் கட்டியது. இங்கே ஒரு மொசைக்கில் கிறிஸ்துவே நேரடியாக ரோஜருக்கு முடி சூட்டுகிறார். போப்பாண்டவர் யாரும் நடுவில் இல்லை. ரோஜர் அணிந்திருப்பது பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசரின் உடை. தலைக்கு மேல் 'அரசர்' என்பதற்கான லத்தீன் சொல் கிரேக்க எழுத்தில் பொறித்திருக்கிறது. ஓர் அரசர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதை ஒரே சதுரத்தில் சொல்லிவிடும் படம். பலேர்மோவில் ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றாலும் இதை விடக் கூடாது.

நகரத்துக்கு வெளியே குன்றின்மேல் இருக்கும் மொன்ரியாலே பேராலயம் ரோஜரின் பேரன் இரண்டாம் வில்லியம் 1170களில் தொடங்கியது. உள்ளே 6,000 சதுர மீட்டருக்கும் மேல் மொசைக். பக்கத்து மடத்தின் முற்றத்தைச் சுற்றி 228 மெல்லிய தூண்கள், இரண்டிரண்டாக. பலவற்றில் மொசைக் துண்டுகள் பதித்திருக்கிறார்கள். பலேர்மோவின் கட்டடங்கள், மொன்ரியாலே, கடலோரச் செஃபலு பேராலயம் எல்லாம் சேர்ந்து 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. செஃபலுவுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்; கோயிலும் கடலும் ஒரே நாளில் முடியும்.

இந்த மேற்கைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஸீசா என்கிற நார்மன் கோடை மாளிகையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. க்ரிசாந்துஸ் என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவின் நினைவாக 1149இல் வைத்த கல். லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு என நான்கு வாசகங்கள். ஆண்டைக்கூட ஒவ்வொன்றிலும் அந்தந்தச் சமூகத்தின் கணக்கில் குறித்திருக்கிறார்கள். தன் தாயின் நினைவு ஊரில் எல்லாருக்கும் படிக்கக் கிடைக்க வேண்டும் என்று ஒரு மகன் நினைத்திருக்கிறார். ஆனால் இந்தக் கூட்டு வாழ்க்கை நீடிக்கவில்லை. அடுத்த நூறு ஆண்டுக்குள் ரோஜரின் பேரனான பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் தீவின் முஸ்லிம்களை இத்தாலியப் பெருநிலத்தில் இருக்கும் லூச்செராவுக்கு நாடு கடத்தினார். அந்தக் கூரையையும் இந்தக் கல்லையும் பார்க்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஓவியம் பிடிக்குமென்றால் பலாஸ்ஸோ அபத்தெல்லிஸ் கூடத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அந்தொனெல்லோ தா மெசீனா 1470களில் வரைந்த கன்னி மரியாள் அங்கேதான் இருக்கிறார். நீல முக்காடு, முன்னால் திறந்த புத்தகம், லேசாக முன்னே நீளும் ஒரு கை. இயேசு பிறக்கப்போவதை மரியாளுக்கு அறிவிக்கும் காட்சி இது; வழக்கமாக இதில் வரும் தேவதூதர் படத்தில் இல்லவே இல்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம். அதே கட்டடத்தில், ஒரு பெரிய சுவரையே அடைத்துக்கொண்டு, மரணத்தின் வெற்றி என்கிற 15ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம். எலும்புக் குதிரைமேல் வரும் மரணம் அரசரையும் ஆயரையும் அம்பெய்து வீழ்த்துகிறது. ஏழைகளை விட்டுவிட்டுப் போகிறது. சுண்ணச் சிற்பங்களுக்குச் சான் லொரென்ஸோ சிற்றாலயம் போகலாம். ஜாக்கொமோ செர்ப்போத்தாவின் கைவண்ணம். அங்கிருந்த கரவாஜியோவின் கிறிஸ்து பிறப்பு ஓவியம் 1969 அக்டோபரில் திருடு போனது; இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது நகல்.

குறை என்ன? சத்தம். பலேர்மோ இரைச்சலான, நெரிசலான, பல தெருக்களில் குப்பை தேங்கும் ஊர். ஸ்கூட்டர்கள் நடைபாதையில் ஏறும். சந்தைக் கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். நம் பெருநகரங்களில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். ஆனால் விடுமுறைக்கு வந்த இடத்தில் அமைதி வேண்டும் என்பவர்களை இந்த ஊர் இரண்டாம் நாளே சோர்வடைய வைக்கும்.

கிழக்கே: கோயிலுக்குள் கோயில்

சிரகூசாவைக் கொரிந்திலிருந்து வந்த கிரேக்கர்கள் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் நிறுவினார்கள். கிரேக்க நகரங்களிலேயே பெரியது, எல்லாவற்றிலும் அழகானது என்று பின்னாளில் ரோமானியப் பேச்சாளர் சிசெரோ எழுதினார். ஆர்க்கிமிடீஸ் பிறந்ததும், கி.மு. 212இல் ரோமானியப் படை நகருக்குள் புகுந்தபோது கொல்லப்பட்டதும் இங்கேதான்.

பழைய நகரம் ஒர்த்திஜியா என்கிற சின்னத் தீவு. பாலம் தாண்டினால் போதும். முனைக்கு முனை மெதுவாக நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. நடுவில் இருக்கும் பேராலயத்தை முதலில் முன்னால் நின்று பார்க்காதீர்கள். பக்கத்துச் சந்துக்குள் போய் அதன் வடக்குச் சுவரைப் பாருங்கள். சுவருக்குள்ளிருந்து டோரிக் என்கிற பழைய கிரேக்கப் பாணியில் பருத்த தூண்கள் வரிசையாகப் பிதுங்கி நிற்கும். அவை கி.மு. 480இல் ஹிமேரா போரில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜை வென்ற பிறகு சிரகூசாவின் ஆட்சியாளர் கெலோன் எழுப்பிய அதீனா கோயிலின் தூண்கள். கிறித்தவர்கள் அந்தக் கோயிலை இடிக்கவில்லை. தூண்களுக்கு இடையே இருந்த வெளியைச் சுவரால் அடைத்தார்கள். உள்ளே கருவறைச் சுவரை வளைவுகளாகக் குடைந்தார்கள். தேவாலயம் ஆகிவிட்டது. உள்ளே போனால் அதே தூண்களை எதிர்ப்பக்கத்திலிருந்து கையால் தொடலாம். சில தூண்கள் நில நடுக்கத்தில் சாய்ந்து இன்றும் சாய்ந்தபடியே கூரையைத் தாங்குகின்றன. வெளியே வந்து முகப்பைப் பார்த்தால், 1693 நில நடுக்கத்துக்குப் பிறகு 18ஆம் நூற்றாண்டில், அலங்காரம் நிறைந்த பரோக் பாணியில் கட்டிய முகப்பு. வழிபாடு நின்றுபோகாமல் தெய்வம் மட்டும் மாறிய கட்டடம் இது. ஐரோப்பாவில் இதற்கு இணையாக இன்னொன்றை என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

ஊரின் மேட்டுப் பகுதியில் கிரேக்க நாடக அரங்கு. பாறையைக் குடைந்தே படிகள். 1914இல் தொடங்கிய மரபின்படி ஒவ்வொரு கோடையிலும் பண்டைக் கிரேக்க நாடகங்களை இங்கே இத்தாலிய மொழியில் போடுகிறார்கள். மே முதல் ஜூலை தொடக்கம்வரை போனால் பொழுது சாயும் நேரத்தில் சோஃபக்ளிஸையோ யூரிப்பிடிஸையோ அந்த இடத்திலேயே பார்க்கலாம். மொழி புரியாவிட்டாலும் கதை தெரிந்திருந்தால் போதும். ஒரு சங்கடம் உண்டு: நாடகப் பருவத்தில் கல் படிகளைக் காப்பாற்ற மேலே மரப் பலகை போட்டுவிடுவார்கள். பகலில் கல்லைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் ஏமாறுவார்கள். எனக்கு நாடகம்தான் பெரிது. பக்கத்திலேயே சுண்ணக்கல் சுரங்கங்கள். கி.மு. 413இல் தோற்றுப்போன ஏதென்ஸ் படையின் ஆயிரக்கணக்கான கைதிகளை வெயிலிலும் பசியிலும் அடைத்து வைத்தது இப்படிப்பட்ட பள்ளங்களில்தான். இன்று அங்கே எலுமிச்சையும் ஆரஞ்சும் பூக்கின்றன.

கரவாஜியோ விஷயத்தில் கிழக்குக்குத்தான் வெற்றி. மால்டாவில் சிறையிலிருந்து தப்பி 1608இல் சிரகூசாவுக்கு வந்தவர் வரைந்த 'புனித லூசியாவின் அடக்கம்' இங்கே இருக்கிறது. முன்னால் பூதாகரமாக இரண்டு குழிவெட்டிகள். அவர்களுக்கு நடுவே தரையில் சின்னதாக, கிட்டத்தட்டக் கவனிப்பாரற்று, புனிதையின் உடல். படத்தின் மேல் பாதி முழுவதும் வெறும் சுவர். அந்தச் சுவர்தான் படம் என்று தோன்றும். ஓவியத்தை இரண்டு தேவாலயங்களுக்கு இடையே மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள்; இப்போது எங்கே என்று தங்கும் இடத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

சிரகூசாவிலிருந்து தெற்கே போகப் போக நோத்தோ, மோதிகா, ஷிக்ளி, ரகூசா. 1693 ஜனவரி 11இல் வந்த நில நடுக்கம் இந்தப் பகுதியையே தரைமட்டமாக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அதன்பிறகு எல்லா ஊர்களையும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே பரோக் பாணியில், தேன் நிறச் சுண்ணக்கல்லில் திரும்பக் கட்டினார்கள். எட்டு ஊர்கள் 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. நோத்தோவில் நிக்கொலாச்சி மாளிகையின் பால்கனிகளைத் தாங்கும் சிங்கங்கள், குதிரைகள், கடற்கன்னிகளை நின்று பார்க்க வேண்டும். மாலை ஐந்து மணி வெயிலில் அந்தக் கல் ஒளிரும். அதே ஊரின் பேராலயக் குவிமாடம் 1996இல் இடிந்து விழுந்து, 2007இல்தான் மறுபடி திறந்தது.

கத்தானியா நகரமும் எட்னா எரிமலையும் ஒரு நாள் பயணம். தவோர்மினாவின் அரங்கிலிருந்து எட்னாவைப் பார்ப்பது அழகுதான், ஆனால் ஒரு வாரத்துக்குள் அந்தக் கூட்டத்துக்கு ஒரு நாளைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

சாப்பாடு

தெருச் சாப்பாட்டில் பலேர்மோவை மிஞ்ச ஆள் இல்லை. பல்லரோ சந்தையில் காலையிலேயே எண்ணெய்ச் சட்டி காயத் தொடங்கிவிடும். பனெல்லே என்பது கொண்டைக்கடலை மாவை உப்புத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறி, கூழ் இறுகியதும் மெல்லிசாகப் பரப்பி, ஆறவைத்து, துண்டு போட்டுப் பொரிப்பது. எள் தூவிய ரொட்டியில் நாலைந்து துண்டுகளை அடுக்கி, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மேற்குச் சிசிலியில் இது ஒன்றே போதும். நாக்குக்கும் அந்நியமாக இருக்காது. அசைவத்தில் துணிந்தவர்களுக்கு மாட்டு மண்ணீரலை வேகவைத்துக் கொழுப்பில் வதக்கி ரொட்டியில் வைத்துத் தருவார்கள். மத்தி மீன், காட்டுப் பெருஞ்சீரகம், உலர் திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ எல்லாம் சேர்ந்த பாஸ்தா இன்னொன்று. மீனோடு திராட்சையா என்று யோசிக்காமல் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள்.

அரேபியர் காலத்தின் ருசி இந்தப் பக்கம் இன்னும் நாக்கில் இருக்கிறது. த்ராப்பனி பக்கம் விசேஷ உணவு மீன் குழம்பு ஊற்றிய கூஸ்கூஸ். ரவையை அகன்ற மண் தட்டில் கொட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து விரலாலேயே உருட்டுவார்கள். துளையிட்ட பானையில் போட்டு ஆவியில் வேகவைக்கும்போது, கீழ்ப்பானையோடு சேரும் இடத்தில் ஆவி தப்பாமல் மாவு பூசி அடைப்பார்கள். இனிப்பில் கசாத்தா: ரிக்கொத்தா என்கிற மென்மையான பாலாடைக்கட்டி, பாதாம் விழுது, சர்க்கரைப் பழங்கள். கன்னியாஸ்திரீகள் மடங்களில் செய்துவந்த இனிப்புகளைப் பழைய செய்முறைப்படி சாந்தா கத்தரீனா மடத்துக்குள்ளேயே வாங்கலாம். முற்றத்து ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

கிழக்கில் காலைச் சாப்பாடே க்ரனீத்தா என்கிற ஐஸ் பதார்த்தம்தான். பாதாம், எலுமிச்சை, பிஸ்தா, முசுக்கட்டைப் பழம் என்று விதவிதமாக, கூடவே ஒரு பிரியோஷ் பன். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் எட்னாவின் பனியைக் குழிகளில் சேமித்துக் கோடையில் கீழே கொண்டுவருவார்கள்; அதிலிருந்து வளர்ந்த பழக்கம் இது. கத்தானியாவின் நோர்மா பாஸ்தாவில் பொரித்த கத்தரிக்காய், தக்காளி, துளசி இனத்து இலை, மேலே துருவிய உப்பு ரிக்கொத்தா. ரகூசா பக்கம் ஸ்காச்சா என்று, மெல்லிய மாவில் தக்காளியும் பாலாடைக்கட்டியும் பரப்பி மடித்து மடித்துச் சுடுவது. மோதிகாவின் சாக்லேட்டைச் சூடு அதிகம் ஏற்றாமல் செய்வார்கள். அதனால் சர்க்கரை உருகாமல் பல்லில் நறநறவென்று படும். கொக்கோ, சர்க்கரை, கொஞ்சம் பட்டை அல்லது வனிலா, பால் கிடையாது. எட்னாவின் சரிவில் ப்ரொந்தே ஊரின் பிஸ்தா இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் அறுவடை. அதன் விலையும் அப்படித்தான்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கன்னோலி என்கிற இனிப்புக் குழலின் ஓட்டு மாவில் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். சில கடைகளில் பிரியோஷிலும். பலேர்மோவின் ஸ்பின்ச்சோனே ரொட்டி பார்க்க வெறும் தக்காளி வெங்காயம் மாதிரி இருக்கும், உள்ளே நெத்திலி இருக்கும். கேட்டு வாங்குங்கள். மொத்தத்தில் சைவத்துக்குக் கிழக்கு சுலபம். எதையும் சாப்பிடுவேன் என்பவருக்கு மேற்கு ஒரு படி மேலே.

நடுவில் இருக்கும் இரண்டு

அக்ரிஜெந்தோவின் கோயில் பள்ளத்தாக்கும், பியாஸ்ஸா அர்மெரீனாவுக்குப் பக்கத்தில் இருக்கும் காசாலே என்ற ரோமானிய மாளிகையும் எந்தப் பாதியோடு சேரும்? அக்ரிஜெந்தோவை மேற்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பலேர்மோவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கொன்கோர்தியா கோயில் இவ்வளவு முழுமையாக நிற்பதற்கும் காரணம் அது பிற்பாடு தேவாலயமாக மாறியதுதான்.

காசாலே கிழக்கிலிருந்து காரில் போகிறவர்களுக்கு. 4ஆம் நூற்றாண்டு மாளிகை, தரையில் சுமார் 3,500 சதுர மீட்டர் மொசைக். உடற்பயிற்சி செய்யும் பெண்களின் படத்துக்காகத்தான் எல்லாரும் போகிறார்கள். எனக்குப் பிடித்தது வேட்டைக் காட்சிகள் கொண்ட நீண்ட தாழ்வாரம். ரோமின் அரங்குகளுக்காகச் சிங்கம், காண்டாமிருகம், தீக்கோழியைப் பிடித்துக் கப்பலேற்றுகிறார்கள். தாழ்வாரத்தின் ஒரு கோடியில், கையில் தந்தம் ஏந்திய ஒரு பெண். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் புலி. அவளை இந்தியாவின் உருவகம் என்றே பல அறிஞர்கள் சொல்கிறார்கள். தந்தமும் மிளகும் நம் கரைகளிலிருந்து ரோமுக்குப் போன காலத்தின் நினைவு சிசிலியின் நடுவில் ஒரு தரையில் கிடக்கிறது. இது ஒன்றுக்காகவே கார் எடுக்கலாம்.

யாருக்கு எது?

வயதான பெற்றோர், சின்னக் குழந்தைகளோடு போகிறீர்களா? சிரகூசா. கத்தானியா விமான நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து இருக்கிறது. ஒர்த்திஜியாவில் வண்டித் தொந்தரவு குறைவு, மதியம் அறைக்கு வந்து படுத்துவிட்டு மாலையில் திரும்ப வெளியே போகலாம். ஆனால் ரகூசாவும் மோதிகாவும் படிக்கட்டு ஊர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நோத்தோ போதும்.

கார் ஓட்டாதவர்களுக்குப் பலேர்மோ நல்லது. மொன்ரியாலேவுக்குப் பேருந்து, செஃபலுவுக்கும் அக்ரிஜெந்தோவுக்கும் ரயில். செஜெஸ்தா, செலினுந்தே கோயில்களுக்கு மட்டும் ஒரு நாள் கார் தேவைப்படும். கிழக்கில் நோத்தோ, மோதிகா, ரகூசாவுக்கு ரயில் பாதை உண்டு, ஆனால் வண்டிகள் குறைவு. ஞாயிற்றுக்கிழமையை நம்பித் திட்டம் போடாதீர்கள். கார் எடுத்தால் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வேண்டும். பழைய நகரப் பகுதிகளில் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடித்துவிடும். அபராதச் சீட்டு வீட்டுக்கு வரும்.

ஆகஸ்டில் எங்கேயும் போக வேண்டாம், கிழக்குக்கு நிச்சயமாக வேண்டாம். 2021 ஆகஸ்ட் 11இல் சிரகூசா பக்கம் பதிவான 48.8 டிகிரி செல்சியஸ்தான் ஐரோப்பாவின் உச்ச வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு உறுதி செய்திருக்கிறது. ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆகியவைதான் நல்ல மாதங்கள். நாடகம் வேண்டும் என்றால் மே கடைசி, அதற்குக் கிழக்கு.

இந்தக் கணக்கெல்லாம் இல்லாமல், முதல் தடவை, எங்கே வேண்டுமானாலும் போகத் தயார் என்றால்? பலேர்மோ என்பேன். கிரேக்கக் கோயிலைக் கிரீஸிலும் பார்க்கலாம். பரோக் தெருக்களை இத்தாலியின் வேறு ஊர்களிலும் பார்க்கலாம். மூன்று மொழிகளின் கைகள் சேர்ந்து எழுப்பிய அந்த அரண்மனைச் சிற்றாலயத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. ஐந்து இரவுகள் பலேர்மோவிலும், அதற்குள் ஒரு நாள் அக்ரிஜெந்தோவுக்கும், கடைசி இரண்டு இரவுகள் த்ராப்பனியில் உப்பளங்களுக்கும் கூஸ்கூஸுக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது, எப்படியும் ஓர் இடத்தில் மாற வேண்டும். போக, வர இரண்டுக்கும் பலேர்மோ விமான நிலையத்தையே போட்டால் தீவைக் குறுக்கே கடக்கும் வேலை மிச்சம். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை ஒன்றைப் பையின் மேலேயே வைத்திருங்கள், மொன்ரியாலேவில் வாசலிலேயே பார்ப்பார்கள்.